குத்துக்கம்பியின் அடிச்சீட்டு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வகுப்பில் மற்ற பதினொரு பேரும் குனிந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். புகாரக்கா மட்டும் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"அக்கா, அந்த மூடி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் பக்கத்து நாற்காலி மருந்துக்கடைக்காரர்.

மூடியை மேசைமேல் வைத்தாள். இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது, மறுபடி அது கைக்கு வந்துவிட்டது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் அவளுக்குப் புகார் மேசை. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். அதனால் புகாரக்கா. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆறு மாதத்தில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, அதன் பொறுப்பு உனக்குத்தான் என்று சொல்லி, கம்பெனிச் செலவில் இந்த வகுப்புக்கு அனுப்பியவரும் அவரே. சிஸ்டம் அனாலிசிஸ் என்றால் கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்கிற படிப்பு என்று நினைத்துச் சேர்ந்தாள். மூன்று வாரமாகியும் ஒரு கம்ப்யூட்டரையும் கண்ணில் காட்டவில்லை. தாளும் பேனாவும்தான்.

"ஒரு வேலை எப்படி நடக்குதுன்னு தெரியாமலே அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துனா என்ன ஆகும்? குழப்பம் அப்படியே இருக்கும். வேகமா நடக்கும், அவ்வளவுதான்" என்பாள் மிஸ். மிஸ்ஸுக்குப் புகாரக்காவைவிடப் பத்து வயது குறைவு. பலகையில் எழுதும் பேனாவின் மை எப்போதும் அவள் கட்டைவிரலில் இருக்கும்.

படம் வரைவதற்கு நாலே நாலு குறிகள்தான். வெளியே இருந்து வருகிறவர்களுக்குக் கட்டம். நடக்கிற வேலைக்கு வட்டம். ஏதாவது ஒன்று தங்கிக் கிடக்கிற இடத்துக்கு இரண்டு இணைகோடு. அது பெட்டியோ நோட்டோ அலமாரியோ, பெயர் கிடங்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு அம்பு, அந்த அம்பில் என்ன போகிறது என்றும் எழுத வேண்டும். கிடங்கிலிருந்து கிடங்குக்கு நேராக அம்பு போடக்கூடாது, ஏனென்றால் தாளுக்குக் கால் இல்லை, யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளே போவது போய்க்கொண்டே இருந்து வெளியே எதுவுமே வராத வட்டத்துக்குக் கருந்துளை என்று பெயர்.

"எங்க வீட்டு பீரோ" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

புகாரக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அவள் கண்ணெதிரே ஒரு கருந்துளை திறந்து, அவள் கொழுந்தனை விழுங்கியிருந்தது.

நடந்தது இதுதான். கம்பெனியில் மூன்று மெக்கானிக். ஊரை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி. புகார் வந்ததும் அவள் இளஞ்சிவப்புச் சீட்டில் கட்டடம், கோளாறு, நேரம் எழுதி, அந்தந்தப் பகுதிக்கான குத்துக்கம்பியில் குத்தி வைப்பாள். மரக்கட்டையில் செங்குத்தாக நிற்கும் கூர்க்கம்பி. கடைகளில் பில் குத்துவார்களே, அதே. சிவப்பு, நீலம், பச்சை என்று கட்டைகளுக்குச் சாயம்கூட அடித்திருந்தாள். மெக்கானிக் வருவார், ஒரு நடைக்கு இரண்டு சீட்டு எடுத்துக்கொண்டு போவார், முடித்துவிட்டு வந்து அடுத்த இரண்டு. பச்சைக் கம்பி அவள் கொழுந்தனுடையது. பின்பாக்கெட்டில் எப்போதும் ஸ்பேனர் துருத்திக்கொண்டிருப்பதால் ஆபீசில் அவனுக்கும் ஸ்பேனர் என்றே பெயர். மோட்டார் கம்பெனியில் இருந்தவனை முதலாளியிடம் சொல்லி இங்கே கொண்டுவந்து விட்டவள் அவள்தான்.

திங்கட்கிழமை, பச்சைப் பகுதியில் இருக்கும் பல் ஆஸ்பத்திரியின் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே பல் டாக்டரம்மா. கூடவே, மரத்துப்போக ஊசி போட்டு எக்ஸ்ரேவுக்குக் கீழே கூட்டிக்கொண்டு போன ஒரு நோயாளி. ஒரு மணி பத்து நிமிடம். கதவைப் பிளந்து வெளியே எடுத்தபோது நோயாளியின் மரமரப்பு முக்கால்வாசி தெளிந்திருந்தது. டாக்டரம்மா போட்ட சத்தத்தில் மிச்சமிருந்ததும் தெளிந்திருக்கும். "கதவு மூடறப்போ தயங்குதுன்னு பத்து நாள் முன்னாடியே சொன்னோம்" என்பது அவர் புகார்.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி பச்சைக் கம்பியிலிருந்து சீட்டுகளை உருவி ஸ்பேனருக்கு முன்னால் மேசையில் பரப்பினார். ஒன்பது சீட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், ஓரம் வெளுத்து, பல் ஆஸ்பத்திரி.

"சிவப்பு காலி. நீலம் காலி. உன் கம்பியில மட்டும் ஒன்பது. நேரத்தைப் பாத்தியா? ஒன்பதும் காலைல ஒன்பது மணிக்குள்ள எழுதினது. விடிஞ்சதும் வர்ற வேலையைத் தொடறதில்லைன்னு ஏதாவது சபதமா?"

"கைக்கு வந்ததைத்தான் சார் எடுத்தேன்."

"அப்போ இது கைக்கு வரல. காலுக்கு வந்துச்சா?"

ஸ்பேனர் அந்தச் சீட்டின் வெளுத்த ஓரத்தையே பார்த்தான். வாயைத் திறந்தால் கோபம்தான் வரும் என்று தெரிந்தவன் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"சனிக்கிழமை வரைக்கும் வர வேண்டாம். புதுசா வர்றதை மத்த ரெண்டு பேரும் பாத்துக்கட்டும், இந்த ஒன்பதும் நான் முடிவு பண்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். சனிக்கிழமை பத்து மணிக்கு வா. வேலையில இருக்கியா இல்லையான்னு அன்னைக்குச் சொல்றேன்."

வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். புகாரக்காவின் நோட்டில் ஒரே ஒரு வட்டம் இருந்தது. அதை அவள் அத்தனை தடவை சுற்றி வரைந்திருந்தாள், அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்திருந்தது.

வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. மாமியார் பேசினார், ஆனால் சுவரைப் பார்த்துப் பேசினார். "மோட்டார் கம்பெனியில இருந்தவன் பாட்டுக்கு இருந்திருப்பான்." ஓரகத்தி அதுவும் பேசவில்லை. ஸ்பேனரின் மனைவியான அவள் சாதாரணமாக மூச்சு விடாமல் பேசுகிறவள். இப்போது தட்டு வைக்கிற சத்தமும் டம்ளர் வைக்கிற சத்தமும்தான். அதிலேயே எல்லாம் கேட்டது.

"சனிக்கிழமை வரைக்கும் இந்தப் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்" என்றான் புகாரக்காவின் கணவன். ஐந்து நிமிடம் கழித்து, "ஆனா ஒன்பது சீட்டு கொஞ்சம் அதிகந்தான்டா" என்று தம்பியிடம் அவனே எடுத்தான்.

புதன்கிழமை காலை, கொல்லைப்பக்கம் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்த கொழுந்தனிடம் போய் நின்றாள். ஏற்கெனவே பளபளவென்று இருந்த வண்டி.

"தம்பி, என்கிட்ட மறைக்காத. அந்தச் சீட்டை நீ பாத்தியா இல்லையா?"

"அண்ணி, நீங்களுமா?"

அவள் திரும்பி உள்ளே வந்துவிட்டாள். ஆனால் 'இல்லை' என்று அவன் சொல்லவில்லை என்பது மட்டும் உள்ளே ஒரு முள்ளாகத் தைத்தது. ஒருவேளை முதலாளி சொல்வது சரிதானோ? கஷ்டமான வேலையை விட்டுவிட்டுச் சுலபமானதாகப் பொறுக்கினானோ? நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே கோபம் வந்தது. அதற்காக நினைப்பு போய்விடவும் இல்லை.

வியாழக்கிழமை வகுப்பில், ஒவ்வொருவரும் தங்கள் வேலை இடத்தின் படத்தைப் பலகையில் வரைந்து காட்ட வேண்டும். புகாரக்கா வரைந்தாள். வாடிக்கையாளர், கட்டம். புகார் எழுதுதல், வட்டம். பதிவேடு, இரண்டு கோடு. குத்துக்கம்பி, இரண்டு கோடு. பழுது பார்த்தல், வட்டம். அம்புகளுக்கெல்லாம் பெயர் போட்டாள். திரும்பிப் பார்த்தால் படம் லட்சணமாகத்தான் இருந்தது. எந்த வட்டமும் கருந்துளை இல்லை.

"நல்லா இருக்கு" என்றாள் மிஸ். நல்லா இருக்கு என்றால் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று வகுப்புக்கே தெரியும். "நாம எல்லாரும் வட்டத்தைத்தான் சந்தேகப்படுவோம். ஏன்னா அங்கதான் ஆள் இருக்காங்க. கிடங்கை யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்லை. சும்மா ரெண்டு கோடு, அது என்ன பண்ணிடப்போகுதுன்னு. அக்கா, உங்க கம்பியில ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு உள்ள வருது, எத்தனை வெளிய போகுது?"

"எண்ணிப் பாத்ததில்லை மிஸ்."

"எண்ணுங்க. சரி, நாலு சீட்டு இருக்குன்னு வெச்சுக்கங்க. எது முதல்ல வெளிய போகும்?"

இதென்ன கேள்வி என்றிருந்தது அவளுக்கு. "முதல்ல வந்ததுதான் முதல்ல போகும். அதுதான் எங்க முறை."

"முறைன்னா, நீங்க பாத்ததா? இல்ல, அப்படித்தான் நடக்கணும்னு நீங்க நினைக்கிறதா?"

புகாரக்காவுக்குக் காது மடல் சூடானது. பத்து வருடமாக அந்த மேசையில் இருக்கிறவளைப் பார்த்து, மூன்று வாரமாகத் தெரிந்த ஒருத்தி கேட்கிற கேள்வியா இது? விறுவிறுவென்று வந்து உட்கார்ந்தாள். மருந்துக்கடைக்காரர் பேனா மூடியை எடுத்து மரியாதையாக அவளிடம் நீட்டினார்.

"ஆளைக் கேட்டா எப்படி நடக்கணுமோ அதைத்தான் சொல்வாங்க" என்று மிஸ் எல்லாருக்குமாகச் சொன்னாள். "பொய் சொல்றாங்கன்னு இல்ல. நிஜமாவே அப்படித்தான் நடக்குதுன்னு நம்புவாங்க. அதனால ஆளைக் கேட்டுட்டு, அப்புறம் சீட்டு பின்னாடியே போய்ப் பாருங்க."

வெள்ளிக்கிழமை, கோபத்தோடேயே எண்ண உட்கார்ந்தாள். பதிவேட்டில் பச்சைப் பகுதியின் பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொரு நாளும் வந்தது எத்தனை, முடிந்தது எத்தனை என்று ஒரு துண்டுத்தாளில் கோடு கிழித்தாள். போன மாதம் வரை நாளுக்கு ஆறு வரும், ஏழு வரும். சாயங்காலத்துக்குள் அத்தனையும் முடிந்திருக்கும். இந்த மாத ஆரம்பத்தில் ஆறு லிஃப்ட் உள்ள புதுக் குடியிருப்பு ஒன்று கம்பெனிக்குக் கிடைத்தது. அது பச்சைப் பகுதியில் வருகிறது. அன்றிலிருந்து நாளுக்கு ஒன்பது. முடிந்தது எட்டு. மறுநாளும் ஒன்பது, எட்டு. அதற்கு மறுநாளும்.

ஒரு நடைக்கு இரண்டு, நாளுக்கு நாலு நடை. எட்டுக்கு மேல் ஒரு மனிதனால் முடியாது. ஆக, நாளுக்கு ஒன்று மிஞ்சும். ஒன்பது வேலை நாளில் ஒன்பது. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

அவள் எழுந்து முதலாளி அறை வரைக்கும் போனாள். கதவருகில் நின்றாள். திரும்பி வந்துவிட்டாள். இதைச் சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று அவளுக்கே தெரியும். 'மிஞ்சட்டும். ஆனா மிஞ்சறது ஏன் எப்பவும் காலைல வந்ததாவே இருக்கு? பொறுக்கி எடுக்கிறவன் கை வேலைதானே அது?' துண்டுத்தாளை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தாள்.

மத்தியானம் பல் ஆஸ்பத்திரியிலிருந்து போன். வரவேற்பில் இருக்கிற பெண். "அன்னைக்கு ஒரு தடவை சொன்னதோட விடல மேடம். நடுவில ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். எடுத்தது நீங்கதான்."

பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஆமாம். நாலாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. அவளுடைய கையெழுத்தில், அழகாக: 'மறுபடி அழைப்பு. சீட்டு ஏற்கெனவே உண்டு.' ஒரு புகாருக்கு ஒரே சீட்டு என்பது அவள் கொண்டுவந்த ஒழுங்கு. இரண்டு சீட்டு போனால் மெக்கானிக் ஒரே வேலைக்கு இரண்டு தடவை அலைவார் என்று. அந்த ஒழுங்கில் அவளுக்குப் பெருமை உண்டு. இப்போது அந்த இரண்டு வரியையும், ஏனென்று புரியாமலே, திரும்பத் திரும்பப் படித்தாள்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற முறை அவளுடையது. வீட்டில் ஐந்து பேர், எட்டுத் தட்டு. இரண்டு வருடத்துக்கு முன் மொத்தமாக வாங்கியவை. ஐந்து தட்டைக் கழுவித் துடைத்து, அலமாரியில் இருந்த மூன்றின்மேல் அடுக்கினாள். அடுக்கு சற்றுச் சாய்ந்திருந்தது. நேராக வைக்கலாம் என்று எட்டையும் சேர்த்துத் தூக்கினாள்.

அடியில் இருந்த தட்டில் கடையின் ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது.

அதற்கு மேல் உள்ளதிலும். மூன்றாவதிலும். மூன்றும் கீறல் இல்லாமல், முகம் பார்க்கிற மாதிரி மின்னின. மேலே இருந்த ஐந்தும் தேய்ந்து மங்கியிருந்தன.

யாரும் பொறுக்கவில்லை. ஓரகத்தி இந்த மூன்றின்மேல் எந்தச் சபதமும் எடுக்கவில்லை. மேலே இருப்பதை எடுத்தார்கள், கழுவினார்கள், மேலேயே வைத்தார்கள். ஐந்து பேர் இருக்கிற வீட்டில், அடியில் கிடக்கிற மூன்றின் முறை எத்தனை வருடமானாலும் வராது.

தட்டுகளைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கம்பியில் கடைசியாகக் குத்திய சீட்டு மேலே இருக்கும். கை மேலேதான் போகும். காலை எட்டரைக்கு வந்த சீட்டின்மேல் எட்டே முக்காலுக்கு வந்தது ஏறும், அதன்மேல் ஒன்பதுக்கு வந்தது. ஸ்பேனர் ஒன்பது மணிக்கு வந்து மேலே இரண்டை எடுப்பான். அவன் திரும்புவதற்குள் இன்னும் இரண்டு ஏறியிருக்கும். சாயங்காலம் மிஞ்சுகிற அந்த ஒன்று, அன்று எல்லாருக்கும் முன்னால் போன் பண்ணியவருடையதாகத்தான் இருக்கும். மறுநாள் சீட்டுகள் அதன் தலையிலேயே உட்காரும். சிவப்பும் நீலமும் தினமும் காலியாவதால் அங்கே இது தெரியவே தெரியாது. எது முன்னால் போனால் என்ன, சாயங்காலம் எல்லாம்தான் போய்விடுகிறதே. இரண்டு வருடமாகப் பச்சையிலும் அப்படித்தான் இருந்தது. ஒன்பதாவது சீட்டு வருகிற வரைக்கும்.

நாலாம் நாள் அந்த ஆஸ்பத்திரிப் பெண் போன் பண்ணியபோது இன்னொரு சீட்டு எழுதியிருந்தால், அது மேலே இருந்திருக்கும். அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் அங்கே கம்பி இல்லை. மூன்று தகரப் பெட்டி இருந்தது. மேலே போட்டால் அடியில் உள்ள வாய் வழியாக உருவ வேண்டும். சீட்டு வாயில் சிக்கிக் கிழியும். 'இந்தத் தொல்லை எதுக்கு?' என்று பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பி வாங்கி வந்து, கட்டைக்குச் சாயம் அடித்து வைத்தது அவள். முதலாளி கூப்பிட்டுப் பாராட்டினார். 'இப்படி யோசிக்கிற ஆள்தான் எனக்கு வேணும்' என்றார். கம்ப்யூட்டர் பொறுப்பு என்கிற பேச்சே அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

சமையலறையிலிருந்து முன்னறைக்கு நடந்தாள். முன்னறையிலிருந்து சமையலறைக்கு. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள்.

"என்ன, வீட்டை அளக்கிறியா?" என்றான் கணவன்.

"நாளைக்கு நான் பேசினா தம்பிக்கு வேலை கிடைச்சிடும்."

"அப்போ பேச வேண்டியதுதானே?"

"எனக்குக் கம்ப்யூட்டர் கிடைக்காது."

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவன் குரலைத் தணித்தான். "கம்பியைப் பத்தி மட்டும் சொல்லு. அதை யார் வெச்சதுன்னு அவர் கேட்டாத்தானே?"

"கேப்பாரு."

"கேக்கலேன்னா?"

அந்தக் 'கேக்கலேன்னா' அவளைத் தூங்கவிடவில்லை. விடிந்து ஆபீசுக்குப் போகிற வழியெல்லாம் கூடவே நடந்து வந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்பேனர் முதலாளி மேசைக்கு முன்னால் நின்றான். பின்பாக்கெட் காலியாக இருந்தது. புகாரக்கா பச்சைக் கம்பியோடு உள்ளே வந்தாள். ஒன்பது சீட்டையும் அவை இருந்த வரிசையிலேயே குத்தி வைத்திருந்தாள்.

"சார், பேசறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நீங்கதான் மெக்கானிக்னு வெச்சுக்கங்க. இதுல ரெண்டு சீட்டு எடுங்க."

"விளையாட்டா இது?"

"ரெண்டே ரெண்டு சார்."

முதலாளி சலித்துக்கொண்டே மேலே இருந்த இரண்டை உருவினார். அவர் கையில் இருக்கும்போதே அவள் புதிதாக இரண்டு சீட்டைக் கம்பியில் குத்தினாள். "இப்போ அடுத்த நடை. ரெண்டு எடுங்க." எடுத்தார். இவள் மறுபடி இரண்டு குத்தினாள். மூன்றாவது தடவை அவர் கை கம்பிக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

"பல் ஆஸ்பத்திரி சீட்டை ஏன் சார் நீங்க எடுக்கல?"

"அது அடியில இருக்கு. அடியில இருக்கிறதை எப்படிம்மா..." முதலாளி முடிக்கவில்லை. கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். "அப்போ காலைல வந்ததெல்லாம்..."

"அடியில போயிடும் சார். எட்டு வந்தா தெரியாது. ஒன்பது வந்தா ஒண்ணு மாட்டிக்கும். இந்த மாசத்துல இருந்து ஒன்பது வருது." துண்டுத்தாளை அவர் முன்னால் வைத்தாள்.

முதலாளி தாளை இரண்டு தடவை படித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் ஒரு ஆள் சிக்க வேண்டும் அவருக்கு. "சரி. கம்பிதான் காரணம்னே வெச்சுக்குவோம்" என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அதோடு நிறுத்தியிருப்பார் போலிருந்தது. அவர் கேட்கவே இல்லை.

புகாரக்காவின் விரல்கள் இல்லாத மூடி ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தன.

"கம்பியை வெச்சது நான் சார்" என்றாள். "பெட்டியைத் தூக்கிப் போட்டதும் நான்தான். அவங்க நடுவுல ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. புதுச் சீட்டு எழுதாம விட்டதும் நான். எழுதியிருந்தா அன்னைக்கே மேல வந்திருக்கும்."

"அண்ணி" என்றான் ஸ்பேனர். பிறகு முதலாளி பக்கம் திரும்பினான். "சார், நானும் ஒண்ணு சொல்லணும். அடியில ஒரு சீட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். ஓரம் தெரியும். வெளுத்துப்போயிருந்துச்சா, முடிஞ்சுபோன பழைய சீட்டு எதையோ எடுக்காம விட்டிருக்காங்கன்னு நினைச்சேன். புரட்டிப் பாத்திருக்கணும். பாக்கல."

புதன்கிழமை அவன் ஏன் 'இல்லை' என்று சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன குடும்பம்யா இது. குத்தத்தை ஆளாளுக்கு இழுத்து மடியில போட்டுக்கிறீங்க" என்றார். பிறகு ஸ்பேனரைப் பார்த்து, "இன்னைக்கே போய் அந்த ஒன்பதையும் முடி. நீலக்காரனையும் கூட்டிக்கோ" என்றார். அவளைப் பார்த்து, "படிப்பை விட வேண்டாம். கம்ப்யூட்டர் பொறுப்பைப் பத்தி அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அவர் வாயில் 'அப்புறம் பாக்கலாம்' வந்த எதையும் யாரும் அப்புறம் பார்த்ததில்லை. பத்து வருடமாக அவளுக்கு அது தெரியும்.

சீட்டுகளை எடுத்துக்கொண்டு போன இருவரும் நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். ஸ்பேனர் கையில் ஒரு நீளக் கம்பி. "ரெண்டு பக்கமும் திறந்த கம்பி அண்ணி. இந்தப் பக்கம் குத்து, அந்தப் பக்கம் உருவு. முதல்ல போனது முதல்ல வரும்."

"சரி, இதை எங்க பிடிச்சு மாட்டுவ?"

"நடுவுல ஒரு கிளாம்ப் போட்டு..." என்றவன் யோசித்தான். கிளாம்ப் இருக்கிற இடத்தைச் சீட்டு தாண்டாது. இரண்டு முனையிலும் பிடித்தால் சீட்டைக் குத்தவே முடியாது. கம்பியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேலைக்கு ஆகாது" என்று மூலையில் சாய்த்தான். சட்டென்று ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எங்கோ போனான். அரை மணி கழித்து வந்தபோது சட்டைப்பை முழுக்கத் துணி காயப்போடுகிற கிளிப்.

பச்சைப் பகுதிக்காகச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து, மெல்லிய ஒயரை இழுத்துக் கட்டினான். புதுச் சீட்டை வலது கோடியில் மாட்ட வேண்டும், எடுப்பது இடது கோடியிலிருந்து. எடுக்க எடுக்க மிச்சத்தை இடது பக்கம் நகர்த்திவிட வேண்டும். எல்லாச் சீட்டும் எல்லார் கண்ணிலும் படும், எதுவும் எதன் அடியிலும் ஒளிய முடியாது. கிளிப் பத்துதான். பத்தும் தீர்ந்தால் ஒரு ஆளால் சமாளிக்க முடியவில்லை என்று அர்த்தம். அதை ஒயரே சொல்லிவிடும், யாரும் போய் முறையிட வேண்டாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தி நாலு நாள் கழித்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"வந்தார், கொடியில காஞ்சிட்டிருந்த துணியைக் கட்டில்ல போட்டார், பத்துக் கிளிப்பையும் வாரிட்டுப் போனார். ஆபீசையே துணி மாதிரி காயப்போடப் போறீங்களாக்கா?"

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"எல்லாம் சொன்னார், நம்ம தட்டுக் கதையையும்" என்றாள் ஓரகத்தி. சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

சாப்பிட உட்கார்ந்த பிறகும் புகாரக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விரலால் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள், இடமிருந்து வலமாக. "ஏங்க, வரிசைப்படி போறது சரி. ஆனா நடுவுல ஒருத்தர் கதவு மூடவே மாட்டேங்குதுன்னு கூப்பிட்டா? அதையும் கோடியிலதான் மாட்டணுமா? அவசரத்துக்கு என்ன வழி?"

"முதல்ல சாப்பிடு" என்றான் கணவன்.

"சிவப்புக் கிளிப் போடலாமோ? போட்டா, அப்புறம் எல்லாருமே அவசரம்னுதான் சொல்வாங்க."

சமையலறையில் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. எட்டையும் ஒன்றாகத் தூக்கி இறக்குகிற சத்தம். பிறகு நகத்தால் எதையோ சுரண்டுகிற சத்தம், வெகுநேரம். ஓரகத்தி வந்து அவள் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். கீறல் இல்லாத தட்டு. நடுவில் மட்டும் ஸ்டிக்கர் இருந்த இடத்தில், எவ்வளவு கழுவியும் போகாத பசை வட்டமாக ஒட்டியிருந்தது.

புகாரக்காவின் விரல் நின்றது. அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.